ஒன்றன்பின் ஒன்றா, ஒருசேரப் பலவா: ஒரு நிரலின் நேரக் கணக்கு

நாள்தோறும் நள்ளிரவில் தானாக ஓடும் ஒரு நிரலைப் பராமரிக்கும் பொறுப்பு சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தது. அன்றைய ஆர்டர்கள் அடங்கிய கோப்பை அது திறக்கும். ஒவ்வொரு பதிவாக எடுத்து, அந்த வாடிக்கையாளரின் விவரத்தை வெளியிலுள்ள ஓர் இணையச் சேவையிடம் கேட்டுப் பெறும். தள்ளுபடியையும் வரியையும் கணக்கிடும். விடையைத் தரவுத்தளத்தில் எழுதிவிட்டு அடுத்த பதிவுக்குப் போகும். பதிவுகள் ஏறத்தாழ 48,000. ஒரு பதிவுக்கு 300 மில்லிவிநாடி பிடித்தது. பெருக்கினால் 14,400 விநாடி, அதாவது நான்கு மணி நேரம். பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி நான்கு மணிக்கு முடியும் வேலைக்குக் காலை ஆறு மணிவரை கெடு இருந்ததால், ஒழுங்காக ஓடிய நாட்களில் சிக்கல் எழவில்லை. மூன்று மணிக்கு ஏதாவது கோளாறில் நின்றுபோனால்தான் ஆபத்து. முதலிலிருந்து மறுபடி ஓட்ட நேரம் போதாது.

பதினாறு த்ரெட், அதாவது ஒரே நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் பதினாறு வேலைத் தொடர்கள், வைத்து ஓட்டிவிடலாம் என்பதுதான் அணியில் இருந்த எல்லோருக்கும் முதலில் தோன்றிய வழி, எனக்கும்தான். அப்படியே செய்தோம். நான்கு மணி நேர வேலை 22 நிமிடத்தில் முடிந்தது. மூன்று வாரம் கழித்துக் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு கேள்வி வந்தது: பிரிவுவாரி மொத்தத் தொகை சில நாட்களில் மட்டும் ஏன் சற்றுக் குறைவாக இருக்கிறது? அதற்கு விடை தேடிய நாட்களில் புரிந்துகொண்டவற்றை ஒட்டியே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

பல வேலைகளை ஒருசேர நடத்தும் பல்பணியையும், ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கும் வரிசைமுறைச் செயலாக்கத்தையும் ஒப்பிடுபவர்கள், வேகம் வேண்டுமா எளிமை வேண்டுமா என்று கேட்டே பேச்சைத் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்வி பெரிதாக உதவுவதில்லை என்பது என் கருத்து. நிரலின் நேரம் எதில் செலவாகிறது, அதன் பணிகள் எந்தத் தரவைப் பொதுவில் தொடுகின்றன என்ற இரண்டையும் முதலில் தெரிந்துகொண்டால், பெரும்பாலான இடங்களில் தேர்வுக்கு விவாதமே தேவைப்படாது. நாங்கள் இரண்டையும் தெரிந்துகொள்ளாமலே தேர்ந்தெடுத்தோம்.

ஒரே சொல்லுக்குள் இரண்டு செயல்கள்

பல்பணி என்று நாம் சொல்வதில் இரண்டு வேறு செயல்கள் கலந்து கிடக்கின்றன. ஒரே சிபியு கோர் (செயலிக்குள் தனித்து இயங்கும் ஒரு கணக்கீட்டுப் பகுதி) பல வேலைகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்று தடைப்படும்போது இன்னொன்றை எடுத்து, மாறி மாறிச் செய்வது ஒன்று. பல கோர்கள் ஒரே கணத்தில் வெவ்வேறு வேலைகளை உண்மையாகவே இணையாகச் செய்வது மற்றொன்று. சதாவதானி என்று புகழப்படுபவர்கூட நூறு கேள்விகளுக்கும் ஒரே கணத்தில் விடை சொல்வதில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, விட்ட இடத்தை மறக்காமல் அதற்குத் திரும்பி வருகிறார். ஒற்றைக் கோர் செய்வதும் அதுவே. விட்ட இடத்தை நினைவில் வைப்பதற்கு அவருக்கு உழைப்பு தேவைப்படுவதுபோல் கோருக்கும் தேவைப்படுகிறது. ஓடிக்கொண்டிருந்த த்ரெட்டின் நிலையை மெமரியில் எழுதிவைக்க வேண்டும், அடுத்ததன் நிலையை எடுத்துவர வேண்டும், முந்தைய வேலைக்காகக் கேஷில் (செயலிக்கு அருகிலுள்ள வேகமான சிறு மெமரியில்) சேர்ந்திருந்த தரவு பயனற்றுப் போய்ப் புதியது வந்து நிரம்பும்வரை மெதுவாக ஓட வேண்டும். ஒரு தடவைக்கு இது மிகச் சிறிய செலவுதான்; விநாடிக்குப் பல்லாயிரம் தடவை மாறினால் சிறியதாக இருக்காது.

பல்பணி பிறந்ததே காத்திருப்பை வீணாக்காமல் இருப்பதற்காக என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 1950களின் கணினிகள் வேலைகளைக் கட்டுக் கட்டாகப் பெற்று ஒன்றன்பின் ஒன்றாக முடித்தன. காந்த நாடாவோ துளையட்டையோ படிக்கப்படும் நேரம் முழுவதும் விலையுயர்ந்த செயலி சும்மா நின்றது. ஒரு வேலை நாடாவுக்காகக் காத்திருக்கையில் இன்னொன்றை ஓட்டலாம் என்ற எண்ணத்திலிருந்து பல்நிரலாக்கம் வந்தது. எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு 1961இல் செய்துகாட்டிய நேரப் பகிர்வு முறையும் அத்தகைய இடைவெளி ஒன்றையே பயன்படுத்திக்கொண்டது: விசைப்பலகையின் முன் இருப்பவர் அடுத்து என்ன தட்டுவது என்று யோசிக்கும் நேரம் கணினிக்கு ஒரு யுகம், அந்த யுகத்தில் இன்னும் பலருக்கு வேலை செய்து கொடுத்துவிடலாம்.

காத்திருப்பே செலவாக இருக்கும் இடம்

த்ரெட்டுகளைச் சேர்ப்பதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய ஓர் அளவையை நான் பின்னால்தான் செய்தேன். ஒரு பதிவுக்கான 300 மில்லிவிநாடியைப் பிரித்துப் பார்த்தபோது, 250 மில்லிவிநாடி வெளிச்சேவையின் பதிலுக்காகக் காத்திருந்ததில் போயிருந்தது. கணக்கிடுவதற்கு 20, தரவுத்தளத்தில் எழுதுவதற்கு 30. ஆறில் ஐந்து பங்கு நேரம் எங்கள் சர்வர் எதையும் செய்யவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் பல்பணியின் வெற்றி கேள்விக்கு இடமற்றது. ஒரு சமயத்தில் 12 கேள்விகளை அனுப்பிவிட்டுக் காத்திருந்தால், 12,000 விநாடிக் காத்திருப்பு 1,000 விநாடியாகிவிடும். அதற்குக் கூடுதலாக ஒரு கோர்கூடத் தேவையில்லை, ஏனெனில் காத்திருப்பதற்குக் கோர் தேவையில்லை.

காத்திருப்பவை எண்ணிக்கையில் பெருகும்போது த்ரெட்டே பாரமாகிவிடுவதும் உண்டு. ஒரே சர்வரில் பத்தாயிரம் இணைப்புகளை எப்படித் தாங்குவது என்ற கேள்வியை டான் கெகல் என்ற நிரலாளர் 1999இல் எழுப்பியபோது, இணைப்புக்கு ஒரு த்ரெட் அல்லது ஒரு ப்ராசஸ் (தனக்கென மெமரியோடு ஓடும் தனி நிரல்) என்பதே பரவலான வழக்கம். லினக்ஸில் ஒரு த்ரெட் தன் இடைநிலை விவரங்களை வைத்துக்கொள்ளும் அடுக்குக்கென வழக்கமாக 8 மெகாபைட் முகவரி இடம் ஒதுக்கப்படுகிறது. அவ்வளவும் உடனே உண்மையான மெமரியாகச் செலவாவதில்லை என்றாலும், பத்தாயிரம் த்ரெட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டும் வேலை இயங்குதளத்தை மூச்சு வாங்க வைக்கும். 2004இல் வெளிவந்த என்ஜின்எக்ஸ் என்ற இணையச் சர்வர் மென்பொருள், சில ப்ராசஸ்களே ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கவனித்துக்கொள்ளும் நிகழ்வுச் சுழல் முறையைக் கையாண்டது: எந்த இணைப்பில் தரவு வந்து நிற்கிறதோ அதை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைச் சர்வரில் ஓட்டுவதற்காக 2009இல் வந்த நோட் ஜேஎஸ்ஸும் இந்த வழியைத்தான் எடுத்தது. அந்தச் சுழலுக்குள் நடப்பது முழுக்க முழுக்க வரிசைமுறைதான் என்பது கவனிக்கத்தக்கது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கே அது பல்பணியாகத் தெரிகிறது. கோ என்ற நிரல்மொழியின் இலகுவான த்ரெட்டான கோரூட்டீன் வெறும் 2 கிலோபைட் அடுக்குடன் தொடங்குவதும், ஜாவா 2023இல் வந்த 21ஆம் பதிப்பில் மெய்நிகர் த்ரெட்டுகளை நிலையாகச் சேர்த்துக்கொண்டதும், காத்திருக்கும் வேலைகளை மலிவாக்குவதற்கான முயற்சிகளே.

ஆனால் காத்திருப்பைப் பகிர்ந்துகொள்வதற்கு முன் அதைக் குறைக்க முடியுமா என்று பார்ப்பது இன்னும் மலிவு. நூறு பதிவுகளை ஒரே கேள்வியாக அனுப்பும் வசதி அந்த வெளிச்சேவையில் இருந்திருந்தால், 48,000 கேள்விகள் 480 ஆகியிருக்கும். வரிசைமுறை நிரலே சில நிமிடங்களில் காத்திருப்பை முடித்திருக்கும். அந்த வசதி அங்கே இல்லை. பல இடங்களில் இருக்கிறது, ஆவணத்தின் நடுப்பகுதியில் எங்கோ. அதைப் படிப்பதைவிட த்ரெட் போடுவது சுவாரசியமாக இருப்பதால் நாம் அதைப் படிப்பதில்லை. எதிர்ப்பக்கம் எவ்வளவு தாங்கும் என்பதும் நம் கையில் இல்லை. ஒருசேர அனுப்பும் கேள்விகளைக் கூட்டிக்கொண்டே போனால், சேவை 429 என்ற நிலைக் குறியீட்டைத் திருப்பியனுப்பி நம்மைச் சற்றுப் பொறுக்கச் சொல்லும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் மாற்றியமைக்கப்படாத நிலையில் 100 இணைப்புகளையே ஏற்கும். 200 த்ரெட்டுகள் ஆளுக்கொரு இணைப்பு கேட்டால் பாதி வேலைகள் பிழையோடு திரும்பும்.

கணக்கிடுவதே செலவாக இருக்கும் இடம்

சிபியு ஓயாமல் உழைக்கும் வேலைகளில் நிலைமை வேறு. இங்கே மாறி மாறிச் செய்வதால் எந்த ஆதாயமும் இல்லை, இழப்பு உண்டு. தலா ஐந்து நாள் கணக்கீடு தேவைப்படும் மூன்று வேலைகள் ஒரே கோரிடம் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் அவை 5, 10, 15ஆம் நாட்களில் முடியும். நாளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றிச் செய்தால் 13, 14, 15ஆம் நாட்களில் முடியும். கடைசி வேலை முடியும் நாள் மாறவில்லை. மற்ற இரண்டும் வீணாகத் தாமதமாகின்றன, சராசரி 10 நாளிலிருந்து 14 நாளாகிறது. மாற்றுவதற்கான செலவை இதில் நான் சேர்க்கவே இல்லை. மூன்று டிக்கெட்டுகளை (தனக்கு ஒதுக்கப்பட்ட பணிகளை) ஒரே வாரத்தில் திறந்துவைத்துக்கொள்ளும் நிரலாளருக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்பதைப் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

இணையாகச் செய்தால் ஆதாயம் உண்டு, கோர்கள் இருக்கும்வரை. ஆயிரம் படங்களைச் சிறிதாக்கும் வேலையில் ஒரு படத்துக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பே இல்லை. எட்டுக் கோர்கள் இருந்தால் எட்டாகப் பிரித்துக் கொடுத்துவிடலாம். ஏறக்குறைய எட்டு மடங்கு வேகம் கிடைக்கும். எட்டுக் கோர்களில் 64 த்ரெட்டுகளை ஓட்டுவதால் அதற்குமேல் எதுவும் கிடைக்காது. இப்படிச் சுத்தமாகப் பிரியும் வேலைகள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. பெரும்பாலானவற்றில் ஒன்றுசேர்க்க வேண்டிய ஒரு கட்டம், யாராவது ஒருவர் மட்டுமே செய்யக்கூடிய ஒரு கட்டம் இருந்துவிடுகிறது. அந்தக் கட்டம் முழு வேகத்தையும் எப்படிக் கட்டிப்போடுகிறது என்பதைக் கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இல் காட்டினார். வேலையில் 90 விழுக்காடு இணையாகச் செய்யத் தக்கது, 10 விழுக்காடு வரிசையாகவே நடக்க வேண்டியது என்றால், எட்டுக் கோர்கள் தரும் வேகம் 4.7 மடங்கு, பதினாறு கோர்கள் தருவது 6.4 மடங்கு. கோர்களை எவ்வளவு கூட்டினாலும் பத்து மடங்கை எட்ட முடியாது. எட்டிலிருந்து பதினாறுக்குப் போக இரு மடங்கு பணம் கொடுத்தவருக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு முன்னேற்றம்.

2004, 2005 வாக்கில் செயலிகளின் கடிகார வேகம் வெப்பத்தால் தேங்கிப்போய், உற்பத்தியாளர்கள் கோர்களைக் கூட்டும் பாதைக்குத் திரும்பியபோது, இனி வரிசைமுறை நிரல்களுக்கு எதிர்காலம் இல்லை என்ற பேச்சு பலமாக இருந்தது. பாதி உண்மைதான். 2015இல் ஃபிராங்க் மெக்ஷெரி உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள், எது எதோடு இணைந்திருக்கிறது என்பதைக் காட்டும் பெரிய இணைப்புத் தரவுகளைப் பல கோர்களில் பிரித்துக் கணக்கிடும் பெயர்பெற்ற அமைப்புகளின் முடிவுகளை எடுத்து, மடிக்கணினியில் ஒற்றைத் த்ரெட்டில் ஓடும் கவனமான நிரல்களோடு ஒப்பிட்டார்கள். 128 கோர்களில் ஓடிய அமைப்புகள் பலவற்றை அந்த ஒற்றைத் த்ரெட் முந்தியது. வேலையைப் பிரிப்பதற்கும் சேர்ப்பதற்கும் ஆன செலவு அந்த அளவுக்கு இருந்தது. கோர்களைக் கூட்டக் கூட்ட வேகம் கூடுகிறது என்று காட்டும் வரைபடத்தைப் பார்க்கும்போதெல்லாம், நன்றாக எழுதிய ஒற்றைத் த்ரெட் நிரல் அதில் எந்த இடத்தில் நிற்கும் என்று கேட்கும் பழக்கம் அதன்பின் எனக்கு ஒட்டிக்கொண்டது.

மொழியும் இங்கே கை கொடுக்கலாம், காலையும் வாரலாம். பைத்தானில் ஒரு சமயத்தில் ஒரு த்ரெட் மட்டுமே பைத்தான் கட்டளைகளை நிறைவேற்ற விடும் பொதுப் பூட்டு நெடுங்காலமாக இருந்துவருகிறது. எனவே அதன் த்ரெட்டுகள் காத்திருப்புக்கு உதவுகின்றன, கணக்கீட்டுக்கு உதவுவதில்லை. கணக்கீட்டுக்குத் தனித்தனி ப்ராசஸ்கள் வேண்டும். அந்தப் பூட்டு இல்லாத பதிப்பு 2024 அக்டோபரில் வந்த 3.13இல் சோதனை நிலையில் சேர்க்கப்பட்டது.

பொதுவில் தொடும் தரவு

எங்கள் மொத்தத் தொகை ஏன் குறைந்தது என்பதை இனிப் பார்க்கலாம். பதினாறு த்ரெட்டுகளும் மெமரியில் இருந்த ஒரே அட்டவணையில் பிரிவுவாரித் தொகையைக் கூட்டிக்கொண்டிருந்தன. கூட்டுவது நிரலில் ஒரே வரி. இயந்திரத்துக்கு அது மூன்று படிகள்: இருக்கும் தொகையைப் படி, கூட்டு, எழுது. ஒரு பிரிவின் தொகை 1,250 என்று இருக்கிறது. முதல் த்ரெட் 300ஐக் கூட்ட வருகிறது, 1,250 என்று படிக்கிறது. அது எழுதுவதற்குள் இரண்டாம் த்ரெட் 75ஐக் கூட்ட வந்து, அதுவும் 1,250 என்றே படிக்கிறது. முதலாவது 1,550 என்று எழுதுகிறது. இரண்டாவது அதன்மேல் 1,325 என்று எழுதுகிறது. இருக்க வேண்டியது 1,625. முந்நூறு காணாமல் போயிற்று. பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை, நிரலின் நடப்பைக் குறித்துவைக்கும் லாக் கோப்பில் ஒரு வரிகூட இல்லை. 48,000 பதிவுகளில் இப்படி இரண்டு மூன்று நடந்தால், ஒரு நாள் மொத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு குறையும், மறுநாள் சரியாக வரும்.

அதற்கு ஒரு பூட்டுப் போட்டோம். தொகை சரியாயிற்று என்று நினைத்த வேளையில், பூட்டால் தீராத இன்னொரு தவறு கண்ணில் பட்டது. அந்தக் கோப்பில் ஒரே வாடிக்கையாளரின் ஆர்டரும் அதை அவர் ரத்து செய்த பதிவும் அடுத்தடுத்து வரக்கூடும். வரிசைமுறையில் ஆர்டர் முதலில் எழுதப்படும், ரத்து பிறகு வந்து அதை நீக்கும். பதினாறு த்ரெட்டுகளில் ரத்து வேறொரு த்ரெட்டுக்குப் போய், அதற்கான வெளிச்சேவைப் பதில் சற்று முன்னதாக வந்துவிட்டால், நீக்க வேண்டிய ஆர்டரே அங்கே இருக்காது. நிரல் அந்த ரத்தைப் பொருத்தமற்ற பதிவு என்று ஒதுக்கிவிட்டது. பிறகு ஆர்டர் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரே நேரத்தில் இருவர் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்ளும் பூட்டுக்கு, யார் முதலில் நுழைய வேண்டும் என்பது தெரியாது. பழைய நிரலில் இந்த ஒழுங்கை யாரும் எழுதிவைக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஓடியதாலேயே அது இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. த்ரெட் போட்ட அன்று அதை நாங்கள் அறியாமலே தூக்கியெறிந்துவிட்டோம்.

இத்தகைய தவறுகளைச் சோதனையில் பிடிப்பது ஏன் கடினம் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. தலா பத்துப் படிகள் கொண்ட இரண்டு த்ரெட்டுகள், தத்தம் படிகளின் வரிசை மாறாமல், ஒன்றோடொன்று கலந்து ஓடக்கூடிய விதங்கள் 1,84,756. நம் டெஸ்ட் அவற்றில் ஒன்றை ஓட்டிப் பார்த்துப் பச்சை விளக்கு காட்டுகிறது. தவறு நடந்த விதத்தை மறுபடி வரவழைக்க, ஒவ்வொரு படியிலும் தகவல் அச்சிடும் வரிகளைச் சேர்த்தால், அந்த வரிகள் எடுத்துக்கொள்ளும் நேரத்தாலேயே கலக்கும் விதம் மாறித் தவறு ஒளிந்துகொள்கிறது.

2003 ஆகஸ்ட் 14 அன்று வட அமெரிக்காவின் வடகிழக்கில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் மின்சாரமின்றித் தவித்த நிகழ்வில், மரக்கிளைகளில் உரசிய மின்கம்பிகளுக்கு நிகராக மென்பொருளுக்கும் பங்கு இருந்தது. ஓஹையோவில் இருந்த கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை அமைப்பில், இரண்டு செயல்கள் ஒரே தரவை ஒருசேரத் தொட்டதால் எச்சரிக்கை மணி முற்றாக ஓய்ந்துபோனது. ஓய்ந்துபோனதே ஒரு மணி நேரத்துக்கும் மேல் அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க வாரக்கணக்கில் நிரலை அலச வேண்டியிருந்தது. 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் சில நாட்களில் மீண்டும் மீண்டும் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டதும் பூட்டு சம்பந்தப்பட்ட விவகாரமே. தாழ்ந்த முன்னுரிமை கொண்ட வானிலைப் பணி பூட்டை வைத்திருந்தது. உயர்ந்த முன்னுரிமைப் பணி அதற்காகக் காத்துநின்றது. இடைநிலைப் பணிகள் புகுந்து, பூட்டை வைத்திருந்ததை ஓடவிடாமல் தடுத்தன. பூமியில் இருந்த மாதிரிக் கலத்தில் அதே நிலையை வரவழைத்துப் பார்த்த பிறகு, பூட்டை வைத்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தரும் அமைப்பைத் தொலைவிலிருந்தே இயக்கிச் சரிசெய்தார்கள். அவ்வளவு கவனமாக எழுதப்பட்ட நிரலிலேயே இது நிகழ்ந்தது என்பதால்தான் குறிப்பிடுகிறேன்.

வரிசைமுறை தருவதும் தராததும்

வரிசைமுறையின் பலன்களில் நான் மிக உயர்வாக மதிப்பது மறுதொடக்கத்தின் எளிமை. பழைய நிரல் 31,207ஆம் பதிவில் நின்றால், அதற்கு முந்தையவை எல்லாம் முடிந்தன, பிந்தையவை எதுவும் தொடப்படவில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஓர் எண்ணைச் சேமித்துவைத்திருந்தாலே போதும். பதினாறு த்ரெட்டுகள் ஓடுகையில் நின்றால், 31,207 முடிந்து 31,203 முடியாமல் இருக்கலாம். ஒரே பதிவு இருமுறை ஓடினாலும் விடை மாறாதபடி முழு நிரலையும் வடிவமைக்க வேண்டியிருக்கும். லாக் கோப்பைக் கதைபோல் மேலிருந்து கீழே படிக்க முடிவதும் சிறிய வசதி அல்ல. பல்பணியில் ஒவ்வொரு வரியிலும் பணி எண்ணைச் சேர்த்து, பிறகு பிரித்தெடுத்துத்தான் படிக்க முடியும்.

அதன் குறைகளும் வெளிப்படையானவை. முன்னால் நிற்கும் ஒரு நீண்ட வேலை பின்னால் நிற்கும் நூறு குறுவேலைகளைத் தடுத்துவிடுகிறது. மனிதர் நேரடியாகப் பயன்படுத்தும் மென்பொருளில் இதை அனுமதிக்க முடியாது. திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட வேண்டுமானால், ஒரு முறைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடிதான், அந்தத் த்ரெட்டில் கோப்பைத் திறந்தால் திரை உறையும். ஆண்ட்ராய்டு செயலி ஒன்று தொடுகைக்கு ஐந்து விநாடிவரை பதிலளிக்காவிட்டால், அதை மூடிவிடலாமா என்று இயங்குதளமே பயனரிடம் கேட்டுவிடும். முகப்பு உள்ள எந்த மென்பொருளிலும் நீண்ட வேலையைப் பின்னணிக்கு அனுப்புவதா என்பது விவாதத்துக்குரியதே அல்ல.

எழுதுகோல் ஒரே கையில்

ஆனால் அந்த ஆண்ட்ராய்டிலும், திரையை மாற்றும் உரிமை ஒரே த்ரெட்டுக்கே உண்டு. மற்றவை வேலையை முடித்துவிட்டு விடையை அந்தத் த்ரெட்டின் வரிசையில் போட வேண்டும். உலாவிகளிலும் பக்கத்தின் உறுப்புகளைத் தொடுவது முதன்மைத் த்ரெட் மட்டுமே. சிந்தித்துப் பார்த்தால், நன்கு நிலைத்த அமைப்புகள் பலவற்றில் இந்த ஏற்பாட்டைக் காணலாம். தரவை மெமரியிலேயே வைத்திருக்கும் ரெடிஸ் என்ற தரவுத்தளம் தன் கட்டளைகளை ஒற்றைத் த்ரெட்டில் ஒவ்வொன்றாக நிறைவேற்றுகிறது. அதனால்தான் அதில் எண்ணிக்கையைக் கூட்டும் கட்டளைக்குப் பூட்டு தேவைப்படுவதில்லை. 2020இல் வந்த ஆறாம் பதிப்பில் த்ரெட்டுகளைச் சேர்த்தபோதுகூட, வலையிணைப்பில் படிப்பதையும் எழுதுவதையும் மட்டுமே அவற்றிடம் கொடுத்தார்கள். கட்டளையை நிறைவேற்றும் கை ஒன்றாகவே இருந்தது. எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளம் எத்தனை பேரையும் ஒருசேரப் படிக்க விடும், எழுதுவதற்கு ஒரு சமயத்தில் ஒருவரையே அனுமதிக்கும். செய்திகளைப் பல பிரிவுகளாகப் பிரித்து வைத்து வழங்கும் காஃப்கா என்ற அமைப்பில் ஒரு பிரிவுக்குள் வரும் செய்திகள் வந்த வரிசையிலேயே வழங்கப்படுகின்றன. ஒரே வாடிக்கையாளரின் செய்திகள் ஒரே பிரிவுக்குப் போகும்படி அமைத்தால், பிரிவுகளுக்கிடையே இணையாகவும் பிரிவுக்குள் வரிசையாகவும் வேலை நடக்கும்.

ஆகவே இரண்டில் ஒன்றை முழு நிரலுக்கும் பொதுவாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற எண்ணத்தையே நான் கைவிட்டுவிட்டேன். காத்திருக்கும் இடத்தில் பல்பணி, தரவை மாற்றும் இடத்தில் வரிசைமுறை. இரண்டுக்கும் நடுவே அளவு கட்டப்பட்ட ஒரு காத்திருப்பு வரிசை. அளவு கட்டுவது முக்கியம்: முன்பகுதி வேகமாகவும் பின்பகுதி மெதுவாகவும் ஓடினால், அளவற்ற வரிசை மெமரி தீரும்வரை வளர்ந்துகொண்டே போகும், அளவுள்ள வரிசையோ நிரம்பியதும் முன்பகுதியைத் தானாகவே நிறுத்திவைக்கும். கணக்கீடு கனமாக இருந்து, பதிவுகள் ஒன்றையொன்று சாராமலும் இருந்தால் மட்டும், கோர்களின் எண்ணிக்கை அளவுக்கு இணையாக்கலாம். இவை எதுவும் பொருந்தாத சிறிய நிரலுக்கு, அதாவது பத்து விநாடியில் முடிந்து யாரும் காத்திராத நிரலுக்கு, வரிசைமுறையை விட்டு நகர எந்தக் காரணமும் இல்லை.

எங்கள் நள்ளிரவு நிரலை இந்த முறையில் திருத்தி எழுதினோம். கோப்பைப் படிக்கும்போதே ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரிசை எண் இடப்படுகிறது. வெளிச்சேவையிடம் கேட்கும் வேலையை மட்டும் 12 த்ரெட்டுகள் செய்கின்றன. அவை எந்தத் தொகையையும் தொடுவதில்லை, தரவுத்தளத்தையும் தொடுவதில்லை. பதில்கள் எந்த ஒழுங்கில் வந்தாலும், மறுமுனையில் இருக்கும் ஒற்றைத் த்ரெட் அவற்றை வரிசை எண்படியே எடுத்துக்கொள்கிறது, கணக்கிடுகிறது, 500 பதிவுகள் சேர்ந்ததும் ஒரே பரிவர்த்தனையாக (எல்லாம் எழுதப்படும், இல்லையென்றால் எதுவுமே எழுதப்படாது என்ற முறையில்) தரவுத்தளத்தில் எழுதுகிறது. எழுதும்போதே கடைசி வரிசை எண்ணையும் அதே பரிவர்த்தனையில் சேமித்துவிடுகிறது. பூட்டு என்று நாங்கள் எழுதியது எதுவும் நிரலில் இல்லை. முழு வேலையும் ஏறத்தாழ 20 நிமிடத்தில் முடிகிறது, அனைத்தையும் பதினாறு த்ரெட்டுகளிடம் ஒப்படைத்த பழைய ஏற்பாட்டைவிட இரண்டு நிமிடம் குறைவாக.

அண்மையில் அணியில் சேர்ந்த ஒருவர், அந்த 12ஐ 50 ஆக்கினால் இன்னும் வேகமாகுமே என்று கேட்டார். வெளிச்சேவை 429 அனுப்பத் தொடங்கும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். 48,000 பதிவுகளுக்குத் தலா 20 மில்லிவிநாடிக் கணக்கீடு என்றால் 960 விநாடி, அதை ஒரே த்ரெட்தான் செய்கிறது. பதில்கள் எவ்வளவு விரைவாக வந்து சேர்ந்தாலும் 16 நிமிடத்துக்குக் கீழே போக வழியில்லை. வேண்டுமானால் அந்த 20 மில்லிவிநாடியைக் குறைக்கப் பாருங்கள் என்றேன். ஒவ்வொரு பதிவுக்கும் வரி விகித அட்டவணையைக் கோப்பிலிருந்து புதிதாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு வரியை அவர் மறுநாளே கண்டுபிடித்தார்.